குடிமராமத்து என்னும் பெயர்

குடிமராமத்து என்ற சொல்லில் பாதி தமிழ், பாதி அரபி. இரண்டையும் சேர்த்துக் கட்டியது ஏரிக்கரை.

மராமத்து என்றால் பழுது பார்த்தல். அரபியில் பிறந்து, பாரசீகத்தின் வழியாக, தாசில், வசூல், ஜமாபந்தி ஆகிய சொற்களோடு ஆட்சிமொழியாக இங்கே வந்தது. அதன் அரபி வேருக்குச் சீர்செய்தல் என்ற பொருளும் உண்டு, இற்றுப்போதல் என்ற பொருளும் உண்டு. மண்கரையோடு பழகியவர்களுக்கு இது வியப்பாக இராது. கேரளத்தில் பொதுப்பணித்துறைக்கு இன்றும் பொதுமராமத்து வகுப்பு என்றுதான் பெயர். அங்கே ‘பொது’ நிற்கும் இடத்தில் இங்கே ‘குடி’ நிற்கிறது. இந்தச் சொல்லின் உயிர் அந்த முன்பாதியில்தான் இருக்கிறது என்பேன்.

குடி என்பது வீடு, வீட்டில் இருப்பவர்கள், அவர்களின் வழிமரபு, அவர்கள் சேர்ந்து வாழும் ஊர். காரைக்குடி, பரமக்குடி, மன்னார்குடி என ஊர்ப்பெயர்களின் வாலில் அது ஒட்டியிருக்கிறது. குடித்தனம், குடியானவர், குடிக்கூலி, குடிவாரம் எல்லாம் அதன் பிள்ளைகள். திருக்குறளின் 103ஆம் அதிகாரத்துக்குக் குடிசெயல்வகை என்று பெயர். தான் பிறந்த குடியை உயரச் செய்வது அங்கே ஒருவனின் கடமையாகப் பேசப்படுகிறது. ஆக, குடி என்ற சொல்லுக்குள் இருப்பிடத்தோடு ஒரு பொறுப்பும் குடியிருக்கிறது.

அந்தப் பொறுப்பு கண்ணுக்குத் தெரிந்த இடம் ஏரி. கோடையில் நீர் வற்றியதும் வரத்துக்காலைத் தூர்வார வேண்டும். கரையை உயர்த்தி, மடையையும், மிகுநீர் வழியும் கலிங்கையும் செப்பனிட வேண்டும். ஏரிநீர் பாயும் ஆயக்கட்டில் எவ்வளவு நிலம் உண்டோ அதற்கேற்ப வீட்டுக்கு வீடு ஆள் வரும். அள்ளிய வண்டல் வயலுக்கு உரமாகும். கடைமடை வயலுக்குத் தண்ணீர் போக வேண்டுமென்றால் தலைமடைக்காரரும் மண்வெட்டி எடுத்தாக வேண்டும். பிறர் வயலுக்கான நீரைக் காக்கத் தோள் கொடுத்தபோதுதான் ஒருவர் ஊர்க்குடியானார். குடிமராமத்து என்ற பெயர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இந்த வேலை இருந்தது: முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியம் என்ற ஊர்க்குழுவைச் சொல்கின்றன.

ஆனால் அந்தக் கரையில் எல்லோரும் சமமாக நின்றார்கள் என்று எழுத என் கை வராது. மடை திறந்து வயலுக்கு வயல் நீர் பங்கிட்டவரை நீர்க்கட்டி, கம்புகட்டி, நீர்ப்பாய்ச்சி என்று பகுதிக்கொரு பெயரால் அழைத்தார்கள். பல ஊர்களில் அவர் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். சொந்த வயல் இல்லாதவர் ஓரவஞ்சனை செய்யமாட்டார் என்று ஊர் அவரை நம்பியது. ஊரின் நீரையே அவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஊருக்குள் இடம் தரவில்லை. குடி என்ற சொல் அவருக்குப் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

1858இல் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. குடிமராமத்துக்கு வழக்கப்படி தர வேண்டிய உழைப்பைத் தராதவர் அதன் மதிப்பைப்போல் இரு மடங்கு கட்ட வேண்டும் என்றது. மனமொப்பிச் செய்த கடமை தண்டத்துக்கு அஞ்சிச் செய்யும் வேலையாயிற்று. ஏரிகள் மெல்ல மெல்ல அரசின் கைக்குப் போக, ஊராரும் ‘அது சர்க்கார் ஏரி’ என்று சொல்லப் பழகினார்கள்.

2017இல் தமிழக அரசு தூர்வாரும் திட்டத்துக்கு இதே பெயரைச் சூட்டியது. செலவில் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ ஆயக்கட்டுதாரர் தர வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. பெயர் மீண்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மராமத்தை இயந்திரமும் செய்துவிடும். குடியாக நிற்க ஆள்தான் வர வேண்டும்.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகள் உள்ளன. அவற்றில் ஒன்று உங்கள் ஊர் ஏரி. ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை அதன் கரைமேல் நடந்து பாருங்கள். நிலம் இல்லாத பக்கத்து வீட்டுக்காரரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள்.