கம்பியும் காதும்

"இவ்வளவு பணம் போட்டு ஸ்பீக்கர் வாங்கிவிட்டு, ஒயரில் போய்ச் சிக்கனம் பார்க்கலாமா, சார்?" என்று கடைக்காரர் கேட்டார்.

அவர் கையில் பெருவிரல் கனத்துக்கு ஒரு கம்பி சுருண்டு கிடந்தது. பாம்புத் தோல் மாதிரி மேலே பின்னல் வேலை; முனையில் பொன் முலாம். அதன் விலை, நான் வாங்கிய ஸ்பீக்கர் ஜோடியின் விலையில் பாதிக்கு மேல். ஒரு வருஷமாக வீட்டில் மிச்சம் பிடித்ததில் பாக்கி இருந்த பணமும் ஏறக்குறைய அவ்வளவுதான். சிக்கனம் என்ற சொல்லை நாலு பேர் முன்னிலையில் ஒரு மனிதனின் முகத்துக்கு நேராகச் சொன்னால், அவன் கை தானாகப் பையைத் தேடும். நான் "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டேன். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம், கோழைத்தனம்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான், கம்பியில் சிக்கனம் பார்த்த ஒரு பழைய கதை ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கதையில் கடைக்காரர் பேசிய நியாயம் அப்படியே இருந்தது. அதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது.

1856-ல் இங்கிலாந்தில் அட்லாண்டிக் தந்திக் கம்பெனி என்று ஒன்று ஏற்பட்டது. மூலதனம் 3,50,000 பவுன். அயர்லாந்திலிருந்து நியூபவுண்ட்லாந்து வரை ஏறக்குறைய 2,000 மைல் தூரத்துக்குக் கடலடியில் கம்பி போட்டு ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் பேச வைப்பது நோக்கம். கம்பெனியின் மின்சார நிபுணர் ஒயிட்ஹவுஸ் என்பவர், பிரைட்டனில் அறுவை வைத்தியராக இருந்தவர். மெல்லிய செம்புக் கம்பியே போதும் என்பது அவர் கட்சி. கிளாஸ்கோ சர்வகலாசாலைப் பேராசிரியர் வில்லியம் தாம்ஸன், அதாவது பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆனவர், போதாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

அவர் சொன்னது இதுதான். கடலடிக் கம்பி என்பது செம்பு, அதைச் சுற்றி மலேயாக் காட்டு மரப்பாலான கட்டாபர்ச்சா, அதற்கு வெளியே உப்பு நீர். மூன்றும் சேர்ந்து ஒரு நீளமான பாத்திரம் ஆகிவிடுகிறது. ஒவ்வோர் அடையாளத்துக்கும் அந்தப் பாத்திரத்தை மின்சாரத்தால் நிரப்பிப் பிறகு வடிக்க வேண்டும். நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும். செம்பையும் கட்டாபர்ச்சாவையும் கனமாக்கினால்தான் தப்பலாம்.

ஆனால் கனம் என்றால் பணம். கம்பெனி மைலுக்கு 107 ராத்தல் செம்பு என்று ஏற்கெனவே தீர்மானித்து, வேலைக்கும் உத்தரவு கொடுத்துவிட்டது. தாம்ஸன் இன்னொன்றும் கண்டுபிடித்தார். கடைகளில் விற்கும் செம்பெல்லாம் ஒரே செம்பு அல்ல. ஒரே கனமுள்ள கம்பிகள் கூட, உள்ளே கலந்திருக்கும் அழுக்கைப் பொறுத்து, மின்சாரத்தைக் கடத்துவதில் பெரிதும் வேறுபட்டன. பார்வைக்கு எல்லாம் ஒரே சிவப்பு!

1858 ஆகஸ்டு 5-ந் தேதி கம்பி கரை சேர்ந்தது. விக்டோரியா ராணி 98 சொற்களில் அமெரிக்க ஜனாதிபதிக்கு வாழ்த்துச் சொன்னார். அது போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்தது. நியூயார்க்கில் வாணவேடிக்கை விட்டார்கள். நகர மண்டபத்தின் கோபுரம் தீப்பற்றி எரிந்தது. மிஞ்சிய கம்பியை டிஃபனி என்ற நகைக் கடைக்காரர்கள் வாங்கி, நாலு நாலு அங்குலமாக நறுக்கி, பித்தளைப் பூண் போட்டு, துண்டு 50 சென்ட் வீதம் விற்றார்கள். ஒன்றையும் கடத்தாத கம்பிக்கு ஜனங்கள் சந்தோஷமாகப் பணம் கொடுத்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

கடலுக்குள் இருந்த கம்பியோ முனக ஆரம்பித்துவிட்டது. ஒயிட்ஹவுஸ் ராட்சதச் சுருள்களை வைத்து 2,000 வோல்ட் அளவுக்கு அழுத்தம் கொடுத்துப் பார்த்தார். மூன்று வாரத்தில் குரல் அடங்கியது. எல்லாப் பழியும் அவர் தலையில் விழுந்தது. அது முழு நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. கம்பி வெயிலில் கிடந்து, கட்டாபர்ச்சா இளகி, பல இடங்களில் செம்பு நடுவிலிருந்து விலகிப்போயிருந்தது. அதற்குள் அந்தக் கம்பி ஒரு காரியம் செய்தது. இந்தியாவில் 1857 கலகத்தின் பொருட்டுக் கனடாவிலிருந்து திரும்ப இருந்த படைகளைப் புறப்பட வேண்டாம் என்று நிறுத்தி, பிரிட்டிஷ் சர்க்காருக்கு 50,000 பவுன் போல மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

1866-ல் மறுபடி போட்டார்கள். இந்தத் தடவை மைலுக்கு 300 ராத்தல் செம்பு. அதுவும் சோதித்து எடுத்த செம்பு. கம்பி பேசியது. தாம்ஸனுக்கு ஸர் பட்டம் கிடைத்தது.

ஆக, ஒயரில் சிக்கனம் கூடாது என்று கடைக்காரர் சொன்னது 2,000 மைலுக்குச் சத்தியம். என் கூடத்தில் தூரம் 5 மீட்டர். அங்கே நிரப்பி வடிக்கும் தொல்லையே கிடையாது. செம்பின் தடை ஒன்றுதான் கணக்கு. 1.5 சதுர மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரண இரட்டை ஒயர், போக வர 10 மீட்டருக்கு, 0.12 ஓம் கூடத் தராது. ஸ்பீக்கரோ 8 ஓம். நூறில் ஒன்றரைப் பங்கு. மணி அடிக்கப் போடும் 0.2 சதுர மில்லிமீட்டர் நூல் கம்பியைப் போட்டால் மட்டும் பத்தில் ஒரு பங்கு போய்விடும். அது சிக்கனம் அல்ல, கஞ்சத்தனம்.

1970-களுக்கு முன்னால் மேல்நாட்டில் சங்கீதப் பித்தர்கள் கூட மேஜை விளக்குக்குப் போடும் ஒயரைத்தான் ஸ்பீக்கருக்கும் போட்டார்கள். ஸ்பீக்கர் கம்பியைத் தனிச் சரக்காக்கிப் பெரிய வியாபாரம் ஆக்கியவர் நோயல் லீ என்ற அமெரிக்க எஞ்சினீயர். மான்ஸ்டர் கேபிள் கம்பெனியை அவர் 1979-ல் தொடங்கினார். மெல்லிசான ஒயருக்குப் பதில் தடித்ததைப் போடச் சொன்ன மட்டில் அவர் பேச்சில் நியாயம் உண்டு. 1983-ல் 'ஸ்டீரியோ ரெவ்யூ' பத்திரிகை ஒரு சோதனை நடத்தியது. எது எந்தக் கம்பி என்று சொல்லாமல் கேட்க வைத்தபோது, சங்கீதத்தைக் கொண்டு விலை உயர்ந்த கம்பியையும் தகுந்த கனமுள்ள விளக்கு ஒயரையும் கேட்டவர்களால் நிச்சயமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2007-ல் ஜேம்ஸ் ராண்டி என்ற மாயவித்தைக்காரர், 7,250 டாலர் விலையுள்ள ஒரு ஜோடிக் கம்பியைச் சாதாரணக் கம்பியிலிருந்து காதால் பிரித்துக் காட்டினால் 10 லட்சம் டாலர் தருவதாகச் சவால் விட்டார். பணம் அவரிடமே தங்கிவிட்டது.

ரிக்கார்டு பிளேயரிலிருந்து ஆம்ப்ளிபயருக்குப் போகும் மெல்லிய கம்பி வேறு ஜாதி. அதில் ஓடுவது வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். சுற்றிலும் செம்பு வலைக் கவசம் நன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டோடு ஹம் என்று சுருதியும் சேரும். நீளம் கூடினால் மேல் ஸ்தாயியின் குணமும் மாறும். கடலடிக் கம்பியின் பழைய வியாதி அங்கே சிறு உருவில் இருக்கிறது. ஆகவே அது குட்டையாக இருக்கட்டும்; முனைகள் இறுக்கமாக இருக்கட்டும். அதற்கும் சொத்தை விற்க வேண்டியதில்லை.

உண்மையான ஏமாற்று இப்போது வேறு இடத்தில் நடக்கிறது. அலுமினியத்தின் மேல் மெல்லிசாகச் செம்பு பூசி, செம்புக் கம்பி மாதிரியே விற்கிறார்கள். அதே கனத்தில் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மடக்கி மடக்கி நீட்டினால் இழை ஒடியும். தாம்ஸன் கண்ட அதே சிவப்பு! ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். வெளியே வெள்ளையும் உள்ளே சிவப்புமாக இருந்தால் பயப்பட வேண்டாம். அது ஈயம் பூசிய நல்ல செம்பு.

மறுநாள் நான் ஸ்பீக்கர் கடைக்குப் போகவில்லை. வீட்டுக்கு ஒயரிங் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். 1.5 இரட்டை ஒயர் கேட்டு, நுனியில் ஓர் இழையைப் பிரித்துச் சுரண்டினேன்.

"என்ன சார், தங்கமா உரசிப் பார்க்கிறீர்கள்?" என்றான் கடைப் பையன்.

உள்ளேயும் சிவப்பாகவே இருந்தது. இரண்டு துண்டும் ஒரே நீளமாக, 5 மீட்டர் வீதம் வெட்டித் தரச் சொன்னேன்.