கூம்பு: ஒடுங்குவதன் கணக்கு

பொழுது சாய்ந்தால் தாமரை கூம்பும். விரிந்திருந்த இதழ்கள் எல்லாம் ஒரு நுனியை நோக்கி ஒடுங்கும். அந்த வினைதான் பெயராகி, பள்ளிக் கணக்குப் புத்தகத்தின் அளவியல் பாடத்தில் ‘கூம்பு’ என்று நிற்கிறது.

திரும்பு, திருப்பு ஆவதுபோலக் கூம்பு, கூப்பு ஆகும். பூ தானாகக் கூம்புகிறது. நாம் கையைக் கூப்புகிறோம். அறிவுடைமை அதிகாரத்தில் மலர்தலுக்கு எதிர்ச்சொல்லாக வள்ளுவர் வைப்பது கூம்பலை. புறநானூற்றிலோ கூம்பு என்பது மரக்கலத்தின் பாய்மரம்.

இதே வடிவத்துக்குக் கிரேக்கர் வைத்த பெயர் ‘கோனோஸ்’. பைன் மரத்தின் காய். வடமொழிக் கணித நூல்களில் அது ‘சூசி’, அதாவது ஊசி. இரண்டும் பொருள்களின் பெயர்கள். தமிழ்ச் சொல்லுக்குள் இருப்பது ஒடுங்கும் செயல். கன அளவின் சூட்சுமமும் அந்த ஒடுக்கத்தில்தான் இருக்கிறது.

செவ்வகத்தில் பாதி முக்கோணம் என்று படித்த பிள்ளை, உருளையில் பாதி கூம்பு என்றுதான் முதலில் நினைக்கும். அது சாதாரணப் பிழை அன்று. முக்கோண அடியிலிருந்து உச்சி கூர்ந்து எழும் திண்மத்துக்கு ஆரியபடீயமே பாதி என்று விதி சொல்கிறது. 628-இல் பிரம்மகுப்தர் மூன்றில் ஒரு பங்கு என்று சரியாகச் சொன்னார். கூம்பில் பாதி உயரம் ஏறிப் பாருங்கள்: ஆரம் பாதியாகும், வட்டத்தின் பரப்போ காலாகிவிடும். எல்லாப் பக்கமும் ஒடுங்குவதால் பாதிகூடத் தேறாது.

களத்தில் குவித்த நெல்லும் கூம்புதான். அதை அளக்க, 1150-இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் ஓர் எளிய வழி உண்டு. குவியலின் அடியைக் கயிற்றால் சுற்றி அளக்க வேண்டும். நெல் போன்ற வாலுள்ள தானியமானால், சுற்றளவில் ஒன்பதில் ஒரு பங்கு உயரம். சுற்றளவின் ஆறில் ஒரு பங்கை வர்க்கமாக்கி உயரத்தால் பெருக்கினால் கன அளவு. சுற்றளவு 36 முழம் என்றால் உயரம் 4. ஆறின் வர்க்கம் 36. விடை 144 கன முழம். பை 3 என்று கொண்டால், நம் பாடப்புத்தகச் சூத்திரமும் இதே விடையைத் தரும்.

கரும்பலகையில் சூத்திரம் எழுதுமுன் ஆசிரியர் கை கூப்பிக் காட்டட்டும். பிறகு அட்டைக் கூம்பால் மூன்று முறை மணல் அள்ளி, அதே அடியும் உயரமும் உள்ள உருளையைப் பிள்ளைகளே நிரப்பட்டும். சொல் புரிந்த பிள்ளைக்கு அந்த மூன்று மறக்காது.