மறவாத பலகையின் கதை



சென்ற வாரம் எங்கள் கணினி அறையில் திடீரென மின்சாரம் தடைப்பட்டது. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் அரை மணி நேரமாகத் தட்டச்சு செய்த கட்டுரை, சேமிக்கப்படாததால் மறைந்துபோயிற்று. “ஐயா, நான் எழுதியதெல்லாம் எங்கே போனது?” என்று கண்கலங்கக் கேட்டான். “அடிக்கடி சேமித்து வை” என்று அறிவுரை கூறினேனே தவிர, அவன் கேள்விக்கு விடை கூறவில்லை. அவ்விடையைத் தேடியபொழுது நான் படித்த வரலாறு இது.

கட்டுரை தொலைந்தால் மீண்டும் எழுதலாம். ஆலை இயந்திரத்தை இயக்கும் கணினி தன் பணியை மறந்தால் என்ன ஆகும்? 1976-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் எஸ்பிசி 80/10 என்னும் ஒற்றைப் பலகைக் கணினியை வெளியிட்டது. அதற்கெனத் திரையோ விசைப்பலகையோ இல்லை. செயலி, நினைவகம், தொடர்பு வாயில்கள் யாவும் ஒரே பலகையில் அமைந்திருந்தன.

அதில் இருவகை நினைவகங்கள் இருந்தன. ஒன்று 1 கிலோபைட் ரேம். இன்றைய ஒருங்குறித் தமிழில் ஒரு சிறு பத்திக்கே அது போதும். மின்சாரம் நின்றால் அதுவும் அழிந்துவிடும். ஆகவே, இயந்திரத்தை ஆளும் நிரலை வேறு சில்லுகளில் பதித்துப் பலகையில் செருகினர். அவற்றுக்கு 4 கிலோபைட் வரை இடமிருந்தது. அத்தகைய சில்லுகளுள் ஒன்றான ஈப்ரோம், 1971-இல் இன்டெல் பொறியாளர் டோவ் ஃப்ரோமன் கண்டுபிடித்தது. மின்சாரமின்றியும் அது மறக்காது. நிரலை மாற்ற வேண்டுமாயின், சில்லின் மேலுள்ள குவார்ட்ஸ் சன்னல் வழியே புற ஊதாக் கதிரைச் செலுத்தி அழிக்க வேண்டும். மற்ற நேரங்களில் அச்சன்னலை ஒட்டுத்தாளால் மூடி வைப்பர்.

நினைவு மட்டும் போதுமா? பிறரோடு பேசவும் வேண்டுமல்லவா? விளக்கு, விசை, வால்வு போன்றவற்றோடு இணைக்க 48 தடங்கள் இருந்தன. தொலைத்தட்டச்சுடனோ வேறு கருவியுடனோ பேச ஒரு தொடர்வாயிலும் இருந்தது. அது பின்பற்றிய ஆர்எஸ்-232 தரம் 1960-இல் பிறந்தது. ஆனால், அதன் குரல் ஏறத்தாழ 15 மீட்டர் வரையே எட்டும். ஆலை மோட்டார்களின் மின்னிரைச்சலில் எளிதில் குழம்பிவிடும்.

1983-இல் வந்த ஆர்எஸ்-485 தரம் இக்குறையைத் தீர்த்தது. இரு கம்பிகளுக்கு இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாடே அதில் செய்தியாகும். இரைச்சல் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாக்குவதால், வேறுபாடு மாறுவதில்லை. 1,200 மீட்டர் தொலைவு வரை 32 கருவிகள் பேசிக்கொள்ள அது வழிவகுத்தது.

1984-இல் தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா, மின்சாரத்தாலேயே அழித்தெழுதக்கூடிய ஃபிளாஷ் நினைவகத்தை அறிவித்தார். 2012-இல் மாணவர்களுக்காக வெளிவந்த ராஸ்பெர்ரி பை பலகையில் 256 மெகாபைட் ரேம் இருந்தது. எஸ்பிசி 80/10-ஐவிட இது இரண்டரை இலட்சம் மடங்குக்கும் அதிகம். ஆயினும், அதன் நிரல் உறைந்திருப்பது ஃபிளாஷ் அட்டையில்தான். ரேம் இன்றும் மறக்கவே செய்கிறது.

திங்கட்கிழமை அம்மாணவனை அழைத்து, வெண்பலகையில் ஒரு வரி எழுதி அழித்துக் காட்டினேன். பிறகு அவனுடைய பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். சற்று நேரம் சிந்தித்தவன், “அப்படியென்றால் நான் பலகையில் எழுதிவிட்டுப் புத்தகத்தில் எழுதாமல் விட்டுவிட்டேன், ஐயா” என்றான்.

அறிவுரைக்கு முன் நான் அளித்திருக்க வேண்டிய விடை அதுவே.