சோச்சிக் கடற்கரைச் சண்டை, 1918–1920

கருங்கடலின் வடகிழக்குக் கரையில் காக்கசஸ் மலை கடலை ஒட்டியே இறங்குகிறது. துவாப்ஸே, சோச்சி, காக்ரா ஆகிய ஊர்கள் அமைந்திருப்பது மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பட்டையில். 1891–92 பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாகப் போடப்பட்ட கரையோரச் சாலைக்குப் ‘பசிச் சாலை’ என்றே பெயர். மலையிலிருந்து வரும் சிற்றாறுகள் அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கடலில் விழும். ரஷ்யப் பேரரசு 1917இல் சரிந்தபின் இந்தப் பட்டைக்காக நடந்த சண்டையில், எந்த ஆறுவரை யார் கை ஓங்கியது என்பதே வெற்றி தோல்விக் கணக்காக இருந்தது.

மண் யாருடையது என்ற கேள்விக்கு ஜார்ஜியா, ரஷ்யா இரு தரப்பிடமும் நேர்மையான பதில் இல்லை. பூர்வகுடிகளான சர்க்காசியரில் பெரும்பாலோரை 1864 வாக்கில் ஜார் அரசு ஒட்டோமான் நாட்டுக்குத் துரத்திவிட்டிருந்தது. காலியான இடத்தில் ரஷ்யர், ஆர்மீனியர், கிரேக்கர், ஜார்ஜியர், எஸ்தோனியர்கூடக் குடியேறினர். ஜார்ஜியா தன் இடைக்கால மன்னர்களின் எல்லையைக் காட்டியது. ரஷ்யத் தளபதிகள் ஜார் காலத்து மாகாண எல்லையைக் காட்டினர். அந்த எல்லையும் பழையதல்ல. ஓல்டன்பர்க் இளவரசர் காக்ராவில் உல்லாச நகரம் அமைக்கத் தொடங்கிய பின், 1904இல் அவ்வூர் அப்காசியாவின் சுகுமி மாவட்டத்திலிருந்து பிரித்துச் சோச்சி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது.

1918 மே 26 அன்று ஜார்ஜியா விடுதலை அறிவித்தது. அடுத்த மாதமே தளபதி மஸ்னியாஷ்விலி போல்ஷ்விக்குகளைத் துரத்திக்கொண்டு அப்காசியக் கரையோரம் வடக்கே நகர்ந்தார். ஜூலையில் சோச்சியும் துவாப்ஸேயும் அவர் வசமாயின. இந்த நிலை நீடிக்கவில்லை. அகதிக் கூட்டத்தோடு கரைவழியே பின்வாங்கி வந்த போல்ஷ்விக் செம்படைப் பிரிவான தமான் படை, கணவாயில் வழிமறித்த ஜார்ஜியரை உடைத்துத் துவாப்ஸேக்குள் புகுந்தது. செராஃபிமோவிச்சின் ‘இரும்பு வெள்ளம்’ நாவலுக்குக் கரு இந்த நடைப்பயணம்தான். அவர்கள் மலை தாண்டிப் போனதும் போல்ஷ்விக் எதிர்ப்பு ரஷ்யத் தளபதி டெனிக்கினின் வெள்ளைப் படை ஊரைப் பிடித்தது.

ஜார்ஜியப் படை, வெள்ளைப் படை இரண்டுக்கும் போல்ஷ்விக்குகள் பொது எதிரி. இருந்தும் செப்டம்பரில் யெகாத்தரினோதாரில் நடந்த பேச்சு முறிந்தது. ‘பிரிக்க முடியாத ஒரே ரஷ்யா’ என்பது டெனிக்கினின் கொள்கை; ஜார்ஜியா தனி நாடு என்பதையே அவர் ஏற்கவில்லை. சோச்சியை விட்டுவிட ஜார்ஜியத் தரப்பில் பேசிய கெகெச்கோரியும் தயாராக இல்லை. எதிரியைவிட எல்லை பெரிதாகத் தெரிந்தது.

அந்த டிசம்பரில் ஜார்ஜியாவும் ஆர்மீனியாவும் போரில் இறங்கின. சோச்சி வட்டார ஆர்மீனியக் கிராமங்களுக்கும் ஜார்ஜியப் படைக்கும் மோதல் வெடித்தது. ஆர்மீனியரைக் காப்பதாகச் சொல்லி வெள்ளைப் படை 1919 பிப்ரவரி தொடக்கத்தில் லோ ஆற்றைக் கடந்து சோச்சிக்குள் நுழைந்தது. ஜார்ஜியத் தளபதி கோனியாஷ்விலியே சிறைபிடிக்கப்பட்டார். நிற்கும்படி அப்பகுதியில் இருந்த பிரிட்டிஷ் தளபதிகள் கேட்டும் டெனிக்கின் படை காக்ராவைத் தாண்டி ப்ஸிப் ஆறுவரை போய்த்தான் நின்றது. ஏப்ரலில் ஜார்ஜியர் ப்ஸிப்பைக் கடந்து காக்ராவை மீட்டனர். ப்ஸோ ஆற்றுக்குச் சற்றுத் தெற்கே மெக்காதிரி ஆற்றங்கரையில் அணிகள் உறைந்தன.

டெனிக்கினை அங்கிருந்து அகற்றியது ஜார்ஜியப் படையல்ல. கட்டாய ஆள்சேர்ப்பை வெறுத்துக் காட்டுக்குள் போன ‘பச்சை’ விவசாயக் கிளர்ச்சியாளர்கள் 1920 தொடக்கத்தில் சோச்சியைப் பிடித்தனர். பின்னாலேயே செம்படை வந்தது. கரையோரம் சிக்கிய, வெள்ளைத் தரப்பின் கூபான் கசாக்குகளில் பெரும்பகுதியினர் மே முதல் நாட்களில் சரணடைந்தனர்.

மே 7 அன்று மாஸ்கோவில் சோவியத் ரஷ்யா ஜார்ஜியாவைத் தனி நாடாக ஏற்று, ப்ஸோ ஆற்றை எல்லையாக ஒப்புக்கொண்டது. சோச்சி ரஷ்யாவுக்கு, காக்ரா ஜார்ஜியாவுக்கு. பத்து மாதத்துக்குள், 1921 பிப்ரவரி 25 அன்று, செம்படை திபிலிசியைக் கைப்பற்றியது.