செங்கல்லில் இருத்திவைத்த சூடு

சூட்டைச் சேமித்து வைத்து வேண்டும்போது எடுப்பது என்றதும் பாலைவனத்துச் சூரிய மின்நிலையங்களும் அவற்றின் உருகிய உப்புத் தொட்டிகளும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்த வேலையைத் தொழிலாகவே செய்து காட்டியது 19-ஆம் நூற்றாண்டின் செங்கல். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டர்லிங் 1816-இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில், வெளியேறும் சூட்டைப் பிடித்துவைத்து அடுத்த சுற்றில் திருப்பித் தரும் பாகம் ஒன்று இருந்தது. 1857-இல் எட்வர்ட் கௌப்பர் அதே யோசனையை இரும்பு ஊதுலைக்குக் கொண்டுவந்தார்: உலையின் கழிவு வாயுவை எரித்துச் செங்கல் அடுக்கைச் சூடேற்றுவது, பிறகு உலைக்குப் போகும் காற்றை அந்த அடுக்கின் வழியே விடுவது. எரிபொருள் மிச்சமானது உண்மை. ஆனாலும் சேமித்த சூட்டின் பெரிய சாதனை சிக்கனம் அல்ல, ஓர் எரிபொருளை வேறோர் எரிபொருளாக்கியதுதான் என்பது என் கருத்து.

சிவக்கக் காய்ந்த கல்கரியின் (கோக்) மேல் நீராவி பட்டால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கிடைக்கும், இதுதான் நீர்வாயு. சிக்கல் என்னவென்றால் இந்த வினை சூட்டைத் தின்னும். 12 கிராம் கார்பன் இப்படி மாற சுமார் 131 கிலோஜூல் வேண்டும். நீராவியோடு காற்றையும் சேர்த்து ஊதிக் கரியில் ஒரு பங்கை எரிக்கலாம்தான். ஆனால் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன், அது வாயுவில் கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும். மலிவான ஆக்சிஜன் அன்று கிடையாது. ஆகவே இரண்டு வேலையையும் நேரத்தால் பிரித்தார்கள். முதலில் காற்றை ஊதிக் கரியைக் கனல வைப்பது, அந்தப் புகையைத் தனியே போக்கிவிடுவது. பிறகு காற்றை அடைத்து நீராவியைத் திறப்பது. சில நிமிடங்களில் கரியின் நிறம் மங்கும், மறுபடி காற்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வேவு பார்க்கும் பலூன்களை இயக்கிய தாடியஸ் லோவ், 1870-களில் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். வெறும் நீர்வாயு நீலமாக எரியும், வெளிச்சம் தராது, விளக்கெரிக்க உதவாது. அதனால் ஊதும்போது வெளிவரும் சூடான வாயுவை, இடைவெளி விட்டுக் குறுக்கும் நெடுக்குமாய் அடுக்கிய தீச்செங்கற்களுக்கிடையே எரித்தார். நீராவிச் சுற்று வந்ததும் அந்தக் கற்களின் மேல் எண்ணெய் தெளிக்கப்பட்டது. கல்லின் சூடு எண்ணெயை உடைத்து, சுடருக்கு ஒளி தரும் வாயுவாக்கியது. கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் எண்ணெய் புகைக்கரியாகிவிடும். காயாமல் போனால் தாராக வழியும். உலைக்காரரின் கைத்திறன் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

சில நிமிடம் தாங்கும் சூட்டைச் சேமிப்பு என்பதா என்று கேட்கலாம். எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதைவிட, நெருப்பையும் வினையையும் அது பிரிக்கிறதா என்பதே கேள்வி. அடுப்பை அணைத்த பின் தோசைக்கல்லில் வேகும் கடைசித் தோசைக்கும் அந்த நேரம் போதும். நீர்வாயு நச்சுமிக்கது என்ற குறையை மறுக்க முடியாது: கார்பன் மோனாக்சைடு அதில், நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் நிலக்கரி வாயுவைவிடச் சில மடங்கு அதிகம், கசிவு உயிரைக் குடிக்கும். ஆனால் அதே மோனாக்சைடுதான் 1920-களில் ஜெர்மனியின் மியூல்ஹைமில் ஃபிரான்ஸ் ஃபிஷரும் ஹான்ஸ் டிராப்ஷும் திரவ எரிபொருள் செய்த மூலப்பொருள். 1930-களில் ரூர் பகுதியில் எழுந்த ஆலைகளுக்கும் கல்கரியிலிருந்து வந்த நீர்வாயுவே தீனி. ஆக்சிஜன் மலிந்த பின் காற்றையும் நீராவியையும் மாற்றி மாற்றி விடும் தேவை போயிற்று என்பதும் சரிதான். ஆனால் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கவும் ஆற்றல் செலவாகிறது, செலவு இடம் மாறியதே தவிர மறையவில்லை. கௌப்பரின் செங்கல் அடுப்புகளோ இன்றும் இரும்பாலைகளில் உயரமான உருளைகளாய் ஊதுலைக்குப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று சூட்டை வாங்கிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று கொடுத்துக்கொண்டிருக்கும்.