வானத்துப் போர்கள் – 14: நடக்காத போருக்கு வரலாறு எழுதிய தளபதி

1930 பிப்ரவரியில் இத்தாலியத் தளபதி ஜூலியோ துவே காலமானார். அவருடைய கடைசிப் படைப்பு அடுத்த மாதம் விமானப்படைச் சஞ்சிகையில் வந்தது. தலைப்பு '19.. ஆம் ஆண்டுப் போர்'. கடைசி இரண்டு இலக்கங்களை வேண்டுமென்றே விட்டிருந்தார். நடக்காத போரை, முடிந்துபோன போருக்கு அறிக்கை தயாரிக்கும் அதிகாரியின் நிதானத்தோடு எழுதியிருந்தார்.

துவே பீரங்கிப் படையிலிருந்து வந்தவர். 1911 நவம்பர் 1 அன்று லிபியாவில் காவொட்டி என்ற இத்தாலிய விமானி, துருக்கியப் படைகள் மீது கையாலேயே சில சிறு குண்டுகளைப் போட்டார். போரில் விமானத்திலிருந்து விழுந்த முதல் குண்டுகள் அவை. சேதம் அற்பம். மறு ஆண்டு துரின் நகரில் விமானப் பிரிவின் பொறுப்பு துவேயிடம் வந்தது. மேலிடத்து அனுமதி இல்லாமலேயே விமான வடிவமைப்பாளர் கப்ரோனியிடம் மூன்று எஞ்சின் குண்டுவீச்சு விமானம் கட்டச் சொன்னார். பதவி போயிற்று, காலாட்படைக்குத் தூக்கியடித்தார்கள்.

வாய் மட்டும் அடங்கவில்லை. முதல் உலகப்போரின் நடுவே, தலைமைத் தளபதி கதோர்னா படையை நடத்தும் லட்சணத்தை விமர்சித்து ஓர் அமைச்சருக்கு எழுதினார். 1916இல் இராணுவ நீதிமன்றம் ஓராண்டுச் சிறை விதித்தது. ஆல்ப்ஸ் மலையின் ஃபெனெஸ்ட்ரெல்லே கோட்டையில் அடைத்தார்கள். 1917 அக்டோபரில் அவர் வெளியே வந்த அதே மாதம் கப்போரெட்டோவில் இத்தாலியப் படை சிதறியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அவர் எச்சரித்தது கண்முன்னே நடந்துவிட்டது. 1920இல் தீர்ப்பு ரத்தானது. 1921இல் தளபதிப் பதவி உயர்வும், அவரை உலகறியச் செய்த 'வானத்தின் ஆதிக்கம்' நூலும் வந்தன.

இனி அந்தக் கற்பனைப் போருக்கு வருவோம். ஒரு பக்கம் ஜெர்மனி, மறுபக்கம் பிரான்சும் பெல்ஜியமும். பிரெஞ்சுக்காரர்கள் விமானங்களைத் தரைப்படைக்கும் கப்பற்படைக்கும் பங்குபோட்டுத் தருகிறார்கள். ஜெர்மானியர்களோ எல்லாவற்றையும் குண்டுவீச்சு விமானங்களிலேயே கொட்டுகிறார்கள். முதல் அலைகளில் அவை ஏராளமாக வீழ்கின்றன. ஆனால் அடுத்தடுத்த அலைகளைத் தடுக்க பிரெஞ்சுச் சண்டை விமானங்கள் மிஞ்சவில்லை. நகரங்கள் எரிகின்றன. தரைப்படைகள் முழுதாய்த் திரள்வதற்குள் போர் முடிந்துவிடுகிறது.

துவேயின் கணக்கில் வெடிகுண்டு இருந்தது, தீக்குண்டு இருந்தது, விஷவாயுவும் இருந்தது. பொதுமக்கள் பீதியில் அரசைப் பணியவைத்துவிடுவார்கள், அதனால் போர் சுருங்கும், அதுவே கருணை என்று வாதிட்டார். கதையில் குண்டு விழும் வீதிகளில் ஒரு முகம்கூட இல்லை, எண்ணிக்கைதான் இருக்கிறது. எனக்கு அவரிடம் உறுத்துவது இதுதான்.

இரண்டாம் உலகப்போரில் அந்த வாதம் சோதனைக்கு வந்தது. 1940 செப்டம்பர் 7 முதல் லண்டன் மீது 57 இரவுகள் தொடர்ந்து குண்டு விழுந்தது. பிரிட்டன் பணியவில்லை. எதிரி விமானம் கடலுக்கு அப்பால் இருக்கும்போதே ராடார் காட்டிக்கொடுத்தது. வானத்தில் தேடிப்பிடிப்பதே அரிது என்று நம்பிய துவேக்கு அப்படியொரு கருவி தோன்றவேயில்லை. பெர்லினும் ஹாம்பர்க்கும் சாம்பலான பிறகும், சோவியத் காலாட்படை பெர்லின் தெருக்களுக்குள் நுழையும்வரை ஜெர்மனி சரணடையவில்லை. ஹிரோஷிமாவைக் காட்டி 'துவே வென்றார்' என்பவர்கள் உண்டு. அந்தக் குண்டு அவர் புத்தகத்தில் இல்லை.

அடுத்த வாரம், 1925இல் துவேயைப் போலவே இராணுவ நீதிமன்றக் கூண்டில் நின்ற அமெரிக்கர் பில்லி மிட்செல்.

(தொடரும்)