மானும் மோட்டையும்: இலங்கை வேட்டை வரலாற்றில் கருவியும் உடல்நலமும்

வேட்டையின் வரலாறு பெரும்பாலும் ஆயுதத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எலும்பு முனை, இரும்பு அம்பு, துப்பாக்கி எனக் கருவிகளை வரிசைப்படுத்தி, வீழ்த்தப்பட்ட விலங்குகளை எண்ணிக் காட்டுவதோடு அது நின்றுவிடுகிறது. மானைத் தேடிக் காடு புகுந்தவன் அங்கு எத்தனை நாள் தங்கினான், எதை உண்டான், எங்கே துயின்றான், காய்ச்சலுக்கு இரையாகாது மீண்டானா என்பன போன்ற வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. கொல்லும் கருவி எத்துணைச் சிறப்புடையதாயினும், காட்டில் உயிரோடிருக்கத் தெரியாதவனுக்கு அதனாற் பயனில்லை. ஆகவே வேட்டைக் கருவியையும் வேட்டைக்காரனின் உடல்நலத்தையும் ஒருங்குவைத்து நோக்குவதே பொருத்தமானதாகும்.

இவ்வாறு நோக்குவதற்கு இலங்கையின் உலர்வலயம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். புள்ளிமானும் மரையும் வாழும் இவ்வலயத்தில், கோடையில் ஆறுகள் வற்றத் தொடங்கியதும் விலங்குகள் எஞ்சியுள்ள நீரை நாடிவரும். வன்னி மக்கள் மோட்டை என வழங்கும் சிறு நீர்க்குழிகளும், ஆற்றுப்படுக்கையில் ஆங்காங்கே தேங்கி நிற்கும் மடுக்களும் அப்போது அவற்றின் புகலிடமாகின்றன. வேட்டைக்காரன் காத்திருப்பதற்கு இவற்றினும் ஏற்ற இடம் வேறில்லை. ஆனால் இந்நாட்டில் மலேரியாவைப் பரப்பிய முதன்மையான நுளம்பாகிய அனோபிலிஸ் குலிசிபேசிஸ் பெருகுவதும் ஆற்றோட்டம் குன்றியபின் எஞ்சும் இத்தகைய தெளிந்த நீர்த்தேக்கங்களிலேயே. அது குருதி தேடிப் பறப்பதும் இருள் சூழ்ந்த பொழுதிலேயே. மானுக்காக மனிதன் காத்திருந்த இடத்தில் மனிதனுக்காக நோய் காத்திருந்தது. இம்முரண்பாட்டை வெவ்வேறு காலத்தவர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதிலேயே இவ்வரலாற்றின் சாரம் அடங்கியுள்ளது.

இத்தீவில் வேட்டையின் தொன்மை மிகப் பெரிது. புளத்சிங்களவுக்கு அண்மையிலுள்ள பாகியன்கல குகையிற் கிடைத்த எலும்பு முனைகளை ஆராய்ந்தோர், அவற்றுட் பழையவை ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2020 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவற்றின் தேய்வும் முறிவும் அவை அம்பு முனைகளாகப் பயன்பட்டமையைச் சுட்டுகின்றன என்பது அவர்தம் முடிபு. எனினும் அக்குகையில் எஞ்சிய எலும்புகளுட் பெரும்பாலானவை குரங்கு, அணில் முதலியவற்றுக்கு உரியவை. மான் இனங்கள் சிறுபான்மையே. ஈரவலய மழைக்காட்டின் மர உச்சிகளில் வாழும் சிறு விலங்குகளை எய்வதற்கேற்ப அக்கருவிகள் உருவாகியுள்ளன. வேட்டைக் கருவியை வடிவமைப்பது மனிதனின் கைத்திறன் மட்டுமன்று, அவன் வாழும் காடும் ஆகும் என்பதை இது காட்டுகின்றது.

உலர்வலயக் காட்டில் மான்வேட்டையை வாழ்க்கையாகக் கொண்டோர் வேடர். அவர்களைப் பற்றி விரிவாக எழுதிய முதல் ஐரோப்பியருள் ஒருவர் றொபேட் நொக்ஸ். 1660 ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த இவ்வாங்கிலேயரின் நூல் 1681 இல் வெளிவந்தது. வேடர் அம்பு பெறும் முறையை அவர் விவரித்துள்ளார். இரவில் இறைச்சியைக் கொணர்ந்து கொல்லன் பட்டறையில் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய ஓர் இலையையும் அருகில் வைத்துச் செல்வர். கொல்லன் அவ்வண்ணமே செய்துவைத்தால் மேலும் இறைச்சி கொணர்வர். செய்யாது விட்டால் அவனுக்குத் தீங்கு நேரும். இரும்பை உருக்கத் தெரியாத சமூகம் எனப் பலரும் எளிதாகக் கூறிவிடும் ஒரு கூட்டத்தினர், தமக்கு வேண்டிய கருவியின் அளவையும் அமைப்பையும் தாமே வரையறுத்தனர் என்பது இங்குக் கவனிக்கற்பாலது. இறைச்சியும் இரும்பும் கைமாறிய இவ்வுறவு, காடும் ஊரும் ஒன்றையொன்று சார்ந்திருந்தமைக்குச் சான்றாகும்.

வேடரின் வேட்டைச் சாதனங்கள் மிகச் சில. ஓராள் உயரமுடைய வில், நீண்ட இரும்பு அலகு பொருத்திய சில அம்புகள், இடையிற் செருகிய சிறு கோடரி, தீமூட்டும் பொருள், மரப்பட்டையைத் தட்டிப் பதமாக்கிச் செய்த பை, தேன் எடுக்க மான்தோலால் ஆன கலம் ஆகியவற்றோடு அவர்தம் உடைமை பெரிதும் முடிந்துவிடும். அம்பு நெடுந்தூரம் சென்று கொல்லுவதன்று. எனவே மானை மிக அணுகியே எய்தல் வேண்டும். காற்றின் திசை, குளம்படியின் புதுமை, காய்ந்த சருகின் ஒலி ஆகியவற்றை அறிந்து நடக்கும் பயிற்சியே வில்லின் குறையை நிறைவு செய்தது. கொன்ற இறைச்சியை உலர்த்திச் சேமித்தனர். மரப்பொந்தில் தேனை ஊற்றி, அதனுள் இறைச்சியை இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்துப் பாதுகாத்தனர் எனவும் நொக்ஸ் குறிப்பிடுகின்றார். வேட்டை வாய்க்காத நாட்களில் உடலைத் தாங்கியது இச்சேமிப்பும் காட்டுக் கிழங்கும் தேனுமே.

இவற்றோடு இடப்பெயர்ச்சியையும் வேடரின் சாதனமாகவே கொள்ளலாம். 1907, 1908 ஆம் ஆண்டுகளில் வேடரிடையே ஆய்வு நடத்தி, 1911 இல் நூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியரின் குறிப்புகளும், அவர்க்கு முற்பட்டோர் குறிப்புகளும் இதனைப் புலப்படுத்துகின்றன. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மேட்டு நிலத்துக் கற்குகைகளிலும், கோடையில் நீர் எஞ்சிய தாழ்நிலங்களிலும் அவர்கள் தங்கினர். விலங்கின் போக்கைப் பின்பற்றியதே இப்பெயர்ச்சி எனினும், ஈரம் தோய்ந்த நிலத்தைவிட்டு உலர்ந்த பாறையை நாடியமை உடலுக்கும் காவலாயிற்று. ஒரே இடத்தில் நெடிது தங்காத சிறு குடும்பக் கூட்டங்களில் கழிவும் நோயும் குவிதற்கு வாய்ப்புக் குறைவு. இரவு முழுவதும் எரிந்த நெருப்பு விலங்கை விலக்கியது, குளிரைத் தணித்தது; அதன் புகை ஓரளவேனும் நுளம்பையும் விரட்டியிருத்தல் கூடும்.

இதனால் வேடர் நோயறியாதோர் என முடிவுசெய்தல் தவறாகும். வேட்டை வாய்க்கவேண்டிக் கண்டே யக்கா என்னும் தெய்வமாகிய பண்டை வேட்டை வீரனை வேண்டிய அதே மக்கள், நோயுற்றோருக்காக இறந்த உறவினரின் ஆவிகளையும் அழைத்து ஆடினர். மானும் நோய்நீக்கமும் ஒரே வழிபாட்டு மரபினுள் வேண்டப்பட்டன. காட்டு வாழ்வின் இரு பெருங் கவலைகள் எவை என்பதை இச்சடங்குகளே தெரிவிக்கின்றன. வேடரிடம் இருந்தது நோயின்மையன்று. நோயோடு கூடிய நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பெற்ற பழக்கமே.

அப்பழக்கம் இல்லாதவன் காட்டை எவ்வாறு உணர்ந்தான் என்பதற்கு நொக்ஸின் வாழ்வே சான்று. அவர் தந்தை 1661 இற் காய்ச்சலால் இறந்தார். அவரும் குளிர்காய்ச்சலால் நெடுநாள் வருந்தினார். பின்னர் வணிகத்தின் பொருட்டு வடபகுதிக்குச் சென்றபோது, குளத்து நீரே நோய்க்குக் காரணம் எனக் கருதினார். அங்கு ஒருவர் கூறியபடி, காய்ந்த கஞ்சா இலையைத் தூளாக்கிக் கருப்பட்டியுடன் சேர்த்துக் காலையும் மாலையும் உட்கொண்டதாக அவர் எழுதியுள்ளார். 1679 இல் அநுராதபுரத்திலிருந்து மல்வத்து ஓயா வழியே அரிப்பை நோக்கித் தப்பியோடியபோது அவரும் தோழரும் கொண்டுசென்ற பொருட்கள், காட்டுவழிச் செல்வோருக்கு அக்காலத்தில் எவை இன்றியமையாதனவாகக் கருதப்பட்டன என்பதைக் காட்டும். சமைக்க ஒரு கலம், நீர் கொள்ளச் சுரைக்குடுவைகள், கூடாரமாக விரிக்கத் தாளிப்பனை ஓலைகள், தீப்பெட்டிகள், கத்தி, கோடரி ஆகியவற்றோடு, முள் தைக்காத வண்ணம் காலணி செய்துகொள்ள ஒரு மான்தோலும் அவற்றுள் இருந்தது. வேட்டையிற் கிடைத்த பொருளே அடுத்த பயணத்துக்குக் காப்பாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. பிரித்தானிய ஆட்சியில் அதிகாரிகளும் தோட்டச் சொந்தக்காரரும் வேட்டையைப் பொழுதுபோக்காக்கினர். அவர்களுட் புகழ்பெற்றவர் சாமுவேல் பேக்கர். 1845 இல் இலங்கையை நாடிய அவர், தாழ்நிலக் காடுகளில் வேட்டையாடியபின் கடுங்காய்ச்சலுற்றார். உடல் தேறுவதற்காக நுவரெலியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கு விரைவில் நலம் பெற்றமையே, 1848 இற் குடும்பத்தாரோடும் பணியாளரோடும் அங்கு ஒரு குடியிருப்பை நிறுவ அவரைத் தூண்டியது. அக்குளிர்ந்த காற்றின் சிறப்பை அவர் வியந்து எழுதினார். 6,000 அடிக்கு மேற்பட்ட அவ்வுயரத்தில் மலேரியா நுளம்பு தழைப்பதில்லை என்னும் உண்மையை அவர் அறிய வழியில்லை. நுளம்புக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை றொனால்ட் றொஸ் நிறுவியது 1897 இலேயே.

நுவரெலியாவைச் சூழ்ந்த மலைக்காடுகளிலும் ஹோட்டன் சமவெளியிலும் பேக்கர் நாய்க்கூட்டத்தை ஏவி மரையைத் துரத்தினார். நாய்கள் மடக்கிய மரையைக் கத்தியாற் குத்திக் கொல்லுவதே அவர் முறை. தாழ்நிலத்திலோ கனத்த துப்பாக்கிகள், கூடாரம், சுமை தூக்குவோர், தடமறிவோர் எனப் பெருங் கூட்டமே உடன்சென்றது. வேடன் தன் உடலிற் பயின்று வைத்திருந்த அறிவை, வெள்ளையன் பிறர் உழைப்பாகக் கூலிக்குப் பெற்றான். காய்ச்சல் கண்டபோது அவனுக்குக் கொயினாவும் மலைவாசமும் இருந்தன. 1820 இற் பிரான்சிற் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கொயினா, வெப்பநாட்டுக் காடுகளை ஐரோப்பியருக்குத் திறந்துவிட்ட கருவிகளுள் ஒன்று. அவனது சுமையைத் தூக்கியவனுக்கு அத்தகைய புகலிடம் எதுவும் இருக்கவில்லை. வேட்டை நூல்களில் வேட்டைக்காரனின் காய்ச்சல் பதிவாகியுள்ள அளவுக்குச் சுமையாளனின் காய்ச்சல் பதிவாகவில்லை.

துப்பாக்கி பரவலானதும், மான்தோலும் கொம்பும் ஏற்றுமதிப் பண்டங்களானதும் காட்டின் சமநிலையைக் குலைத்தன. முன்னர் அருகில் சென்று ஒரு மானை எய்தவன் காத்திருந்த அதே மோட்டைக் கரையில், இப்போது விற்பனைக்காக ஓரிரவிற் பல மான்களைச் சுட்டு வீழ்த்த முடிந்தது. விலங்கு அருகியபோது, 1894 இல் வேட்டையாளரே கூடி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1938 இல் ருகுணு, வில்பத்து தேசிய வனங்களும் தொடர்ந்தன. இவை இன்றியிருப்பின் பல இனங்கள் அழிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. எனினும் அழிவை விளைவித்தவனையும், அளவோடு உண்டு வாழ்ந்தவனையும் சட்டம் ஒரே பெயரால் அழைத்தது. உணவுக்காக வில்லெடுத்த வேடன் களவு வேட்டைக்காரனானான்.

நோயின் வரலாறும் இதே காலத்தில் திசைதிரும்பிற்று. 1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தபோது ஈரவலய ஆறுகளும் வற்றி மடுக்களாயின. காட்டுக்கே உரியதெனக் கருதப்பட்ட காய்ச்சல் மக்கள் நெருங்கி வாழும் ஊர்களுக்குட் புகுந்தது. 1935 வரை நீடித்த அக்கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். 1946 முதல் நாடெங்கும் டி.டி.ரி. தெளிக்கப்பட்டபின் மலேரியா விரைவாகக் குறைந்தது. இடையே அது மீண்டும் தலைதூக்கிய போதிலும், 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. நவீன மருத்துவத்தின் அரிய வெற்றிகளுள் இது ஒன்று.

ஆயின் காய்ச்சல் விலகியதும் அதுவரை வெளியார் அஞ்சி ஒதுங்கிய காட்டுக்குள் குடியேற்றத் திட்டங்கள் நுழைந்தன. கல்லோயாத் திட்டமும், பின்னர் மகாவலித் திட்டமும் வேடரின் வேட்டைநிலங்களை வயலாக்கின. எஞ்சிய பகுதி 1983 இல் மாதுரு ஓயா தேசிய வனமாக்கப்பட்டது. தம்பானை வேடருட் பலர் ஹெனானிகலவுக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். மூத்த தலைவராகிய ஊருவரிகே திசாகாமி சில குடும்பத்தாரோடு பெயர மறுத்துத் தம் இடத்திலேயே தங்கி, 1998 இல் மறைந்தார். மட்டக்களப்புக்கு வடக்கே கரையோரத்தில் வாழ்ந்து, தமிழ் பேசி, மீன்பிடியை மேற்கொண்ட கரையோர வேடரின் மாற்றம் இதனினும் முந்தியது. ஆயினும் இருசாராரும் கண்டது வில் பயனற்றுப் போகும் ஒரு காலத்தையே.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று தெளிவாகும். வேடனிடம் கருவியும் உடல்நலமும் ஒரே வாழ்க்கைமுறையின் இரு கூறுகளாக இருந்தன. எய்யும் எல்லை, தங்கும் காலம், உண்ணும் அளவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தின. குடியேற்றநாட்டு வேட்டைக்காரனிடம் அவை பிரிந்தன; துப்பாக்கி கொன்றது, கொயினா காத்தது, காடோ வெறும் களமாயிற்று. நம் காலத்திலோ மானும் காக்கப்படுகின்றது, காய்ச்சலும் ஒழிந்தது. ஆனால் அவ்விரண்டோடும் வாழக் கற்றிருந்த மனிதனுக்கு அக்காட்டில் இடம் வைக்கப்படவில்லை. காட்டின் நலத்தைக் கணிக்க முற்படுவோர் மான்களை எண்ணுகின்றனர். மருத்துவர் நோயாளரை எண்ணுகின்றனர். வரலாறு பயில்வோர் எண்ணவேண்டியவர்கள், இவ்விரு கணக்கிலும் சேராது விடுபட்ட அம்மனிதர்களே.